தேவநகரில் திருவெம்பாவை

தாய்லாந்தின் தலைநகரை உலகம் பாங்காக் என்று சொல்கிறது. அந்நாட்டு மக்களோ அதைக் ‘குருங் தேப்’ என்றே வழங்குகின்றனர். தேவர்களின் நகரம் என்பது பொருள். அதன் முழுப்பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடியாத அளவுக்கு நீண்டது. இந்திரன் பணிக்க விசுவகர்மா நிர்மாணித்த நகரம் என்ற புகழுரையும் அப்பெயருக்குள் அடங்கியுள்ளது. முதலாம் ராமா மன்னர் 1782-இல் இதைத் தலைநகராக்கினார்.

முதுகில் பையைச் சுமந்து உலகைச் சுற்றும் இளைஞர் கூட்டம் அந்நகரில் தங்கும் இடம் காவ் சான் தெரு. முற்காலத்தில் அரிசி வணிகம் நடந்த தெரு அது. பெயரின் பொருளும் அரிசியே. இப்போது மலிவான விடுதிகளும் இரவெல்லாம் ஓயாத இசையும் அங்கே கொடிகட்டிப் பறக்கின்றன. உறங்க விரும்புவோர் அங்கே அறை எடுப்பதில்லை என்றே கொள்ளலாம்.

கல்லூரித் தோழர்கள் நால்வர் ஒரு மார்கழியில் வியத்நாம் செல்லும் வழியில் இரண்டு நாள் அத்தெருவில் தங்கினர். அவர்களுள் ஒருவன் திருநெல்வேலியைச் சேர்ந்தவன். மார்கழி முழுதும் விடியலில் ஊர்ச் சிவாலயத்தில் திருவெம்பாவை பாடி வந்தவர் அவன் தந்தை. சிறுவனாக இருந்தபோது அவனும் நெற்றி நிறைய நீறு பூசி உடன் பாடியவன். தந்தை மறைந்தபின் வந்த முதல் மார்கழியில் அவ்வீட்டில் பாட்டொலி எழவில்லை. இரண்டாம் மார்கழியையும் அந்த வீட்டில் எதிர்கொள்ள மனமின்றி நண்பர்களோடு புறப்பட்டுவிட்டான். தாய்க்கு அதில் வருத்தம். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. புறப்படும் நாளில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்ததோடு சரி.

மறுநாள் விடியலில் தோழர்கள் அயர்ந்து உறங்க, அவன் மட்டும் வெளியே நடந்தான். சனநாயக நினைவுச் சின்னத்தைக் கடந்து தின்சோ சாலையில் திரும்பினால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், சாலை நடுவே செந்நிறத் தேக்குத் தூண்கள் வானளாவ நிற்கின்றன. அதுதான் ‘சாவ் சிங் சா’ என்னும் பெரிய ஊஞ்சல். முதலில் 1784-இல் நிறுவப்பட்டது. இப்போதுள்ள தூண்கள் 2007-இல் புதுப்பிக்கப்பட்டவை. அதில் ஆடுவோர் விண்ணில் உந்தி எழுந்து, மூங்கில் கழியில் கட்டிய பொற்கிழியைப் பற்களால் கவ்வி எடுப்பார்களாம். அந்த ஆட்டம் 1935-இல் நிறுத்தப்பட்டது.

ஆட்டம் நின்றதேயன்றி விழா நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு அருகில் ‘தேவஸ்தான்’ என்னும் கோயில் இருக்கிறது. சிவபெருமான், விநாயகர், திருமால் மூவருக்கும் தனித்தனிச் சந்நிதிகள் கொண்ட, வெண்சுவர்களாலான எளிய கட்டடம். அரண்மனைச் சடங்குகளை நடத்தும் அந்தணர்களுக்கு அதுவே இருப்பிடக் கோயில். 2019-இல் நடந்த முடிசூட்டு விழாவிலும் அவர்கள் பங்கேற்றனர். ஆண்டுதோறும் நம் மார்கழியை ஒட்டி அங்கே நடைபெறும் விழாவின் பெயர் ‘திரியம்பாவாய் – திரிபாவாய்’. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே அவ்வாறு திரிந்துள்ளன. அந்நாள்களில் பரமசிவன் பூவுலகுக்கு எழுந்தருளிப் பத்து நாள் தங்குகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. நம் ஆலயங்களில் ஆருத்ரா தரிசனத்துக்கு முன் பத்து நாள் திருவெம்பாவை உற்சவம் நடப்பதை இங்கு நினைத்துக்கொள்ள வேண்டும். கயிலாய வாயிலைத் திறக்கும் சடங்கின் பின் அவர்கள் ஓதும் பாடல்களில் மாணிக்கவாசகரின் தமிழ் உருமாறி ஒலிக்கிறது. தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் இதை ஆராய்ந்து எழுதியுள்ளார். ஓதுவோருக்குச் சொற்களின் பொருள் தெரியாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக விடாமல் ஓதி வருகின்றனர்.

வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வங்கியிடம், மற்றொன்று வாடிக்கையாளரிடம். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டகத்தைத் திறக்க இயலாது. ஒலி அங்கேயும் பொருள் இங்கேயுமாக இருக்கும் இப்பாடல்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

ஊஞ்சலின் வரலாற்றைக் கைப்பேசியில் படித்தபோதுதான் இச்செய்தி அந்த இளைஞன் கண்ணில் பட்டது. கோயில் கதவு திறக்கும் நேரம் ஆகவில்லை. வாயிலில் நின்றபடியே தாழ்ந்த குரலில் முதற்பாட்டைத் தொடங்கினான். நான்கு பாடல்கள் தடையின்றி வந்தன. ஐந்தாம் பாடலின் நடுவே நினைவு அறுந்தது. பொருள் தெரிந்த அவனுக்குச் சொற்கள் மறந்துவிட்டன. இணையத்தில் தேடினால் நொடியில் கிடைத்திருக்கும். அவனுக்கு ஏனோ அது தோன்றவில்லை. பாங்காக்கில் காலை ஏழு மணி என்றால் இந்தியாவில் ஐந்தரை. தாய் விழித்திருப்பார் என்று தெரியும்.

“அம்மா, அஞ்சாம் பாட்டு பாதியில நிக்குதும்மா.”

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

“எந்த அடியிலய்யா நிக்கே?” என்று கேட்டார்.

சொன்னான். அடுத்த அடியை அவர் எடுத்துக் கொடுத்தார், பிறகு அதற்கடுத்ததையும். தந்தை பாடிய காலமெல்லாம் அடுக்களையிலும் வாசலிலும் நின்று கேட்டிருந்த அந்த அம்மையாரின் குரலில் அவன் ஒரு பாட்டும் கேட்டதில்லை. இப்போது இருபது பாடல்களும் ஓரெழுத்துப் பிசகாமல் வந்தன. கோயில் வாயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த தாய்லாந்து மூதாட்டி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை கைகூப்பி நின்றார்.

“போன வருசமும் பாடினேன்யா, உள்ளேயே. உனக்குக் கேட்டிருக்காது” என்றார் தாய்.

கதவு திறந்ததும் பெருமானைத் தொழுது, பையிலிருந்த திருநீற்றை அணிந்துகொண்டு விடுதிக்குத் திரும்பினான். பிற்பகல் நால்வருமாகச் சாவ் பிரயா ஆற்றில் படகேறி, சீலோம் பகுதியில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குச் சென்றனர். சாமந்தி மாலைகளோடு தாய்லாந்துப் பெண்கள் நீண்ட வரிசையில் நின்றிருந்தனர். வரிசை நகரும்வரை, காலையில் கேட்ட பாடல்களின் பொருளை அவன் தோழர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.