காவிரிப் பாலமும் மடக்கு மிதிவண்டியும்

திருச்சி சந்திப்பில் இரயிலை விட்டிறங்கி, உடன் கொணர்ந்த மடக்கு மிதிவண்டியை விரித்துத் திருவரங்கம் வரை சென்றுவர விரும்புகிறீர்களா? நல்ல ஆசைதான். ஆனால் வண்டி வாங்குமுன் இதனைப் படியுங்கள். நான் பணம் கொடுத்துக் கற்ற பாடம் இது.

பாலக்கரை, நத்ஹர் வலி தர்கா, மெயின்கார்டு கேட், சத்திரம் பேருந்து நிலையம் என நீளும் பாதையில் நெரிசல்தான் தொல்லை, ஏற்றம் அதிகமில்லை. அதைத் தாண்டினால், 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம். ஆடி மாதத்து மேல்காற்று அங்கே பக்கவாட்டில் வந்து மோதும்.

என் வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம், ஒரே கியர். மிதிகட்டைப் பக்கம் 44 பல், பின்சக்கரத்தில் 18 பல். ஒரு மாலை, திருவரங்கத்திலிருந்து திரும்புகையில் கால்கள் பம்பரமாய்ச் சுழன்றன, வண்டியோ ஊர்ந்தது. வாழையிலைக் கட்டேற்றிய முதியவர் ஒருவர், பழைய 28 அங்குல வண்டியில் என்னை நிதானமாகக் கடந்தார். "என்ன பாய், கால்தான் ஓடுது, வண்டி ஓடலியே!" என்றார்.

வீட்டில் கணக்குப் போட்டேன். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கிடைக்கும். அதே 44க்கு 18 பல் இருந்தால், பெரிய சக்கரம் 5.5 மீட்டர் போகும், என்னுடையது 3.9 மீட்டர்தான்!

அவசரப்பட்டு 52க்கு 14 பல் மாற்றினேன். தூரம் 5.9 மீட்டராயிற்று. சமதளத்தில் பறந்தேன். பாலத்து ஏற்றத்திலோ காற்றும் சேர்ந்துகொள்ள, முழங்கால் வலித்து, இறங்கித் தள்ளினேன். மாலை வகுப்புப் பிள்ளைகள் அரைமணி நேரம் காத்திருந்தனர். அந்த வெட்கம் வலியினும் பெரிது.

இறுதியில், பின்சக்கர ஹப்பினுள்ளேயே மூன்று கியர் அமைந்த வகையைப் பொருத்தினேன். முன்னே 44, பின்னே 16 பல். இப்போது ஒரு சுற்றுக்கு 3.3, 4.4, 5.9 மீட்டர் என மூன்று நடை. ஏற்றத்துக்கும் காற்றுக்கும் முதலாவது, கடைவீதிக்கு இரண்டாவது, வெறிச்சாலைக்கு மூன்றாவது. சிறுசக்கர வண்டியில் வெளியே தொங்கும் கியர் தரைக்கு மிக அருகில் இருப்பதால் சேறும் மணலும் எளிதில் ஏறும். உள்கியருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மேலும் இரண்டு செய்திகள். 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406, 451 என இருவகை டயர்கள் உண்டு. ஒன்று மற்றதன் ரிம்மில் பொருந்தாது. டயரின் ஓரத்து எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். எளிதில் கிடைப்பது 406. சிறுசக்கரத்தின் கைப்பிடி சட்டெனத் திரும்பும். பாலத்தில் இரு கைகளாலும் பற்றுங்கள்.

பாலம் கடந்து, 1987இல் நிறைவுற்ற இராசகோபுரத்தை நோக்கிச் சென்றால் திருவரங்கத்தின் சமதள வீதிகள் வரவேற்கும். களைத்தால் திருவரங்கம் நிலையத்தில் வண்டியை மடக்கி இரயிலேறலாம்.

கடைக்காரர் கியர்களின் எண்ணிக்கையைச் சொல்வார். நீங்கள் உங்கள் பாதையையும் முழங்காலையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.