பேச்சு மன்றத்தில் நாங்கள் கற்றதும் கற்காததும்



சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். எங்கள் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஐந்து பேர் போனோம். இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மனுவைப் புரட்டிக்கொண்டே, "என்ன விஷயம், சுருக்கமா சொல்லுங்க" என்றார்.

எங்களில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும் தோழர்தான் பேசுவதாக ஏற்பாடு. அவர் "ஐயா, வந்து, எங்க தாத்தா காலத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்தார். அதிகாரி குறுக்கிட்டு, "பாதை போற இடம் பட்டாவா, புறம்போக்கா?" என்று கேட்டார். பதில் ஐந்து பேருக்கும் தெரியும். வண்டிப்பாதை புறம்போக்கு. அதை வரப்பு வெட்டி வயலோடு சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். புலப்பட நகல்கூடப் பையில் இருந்தது. ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மனுவில் முத்திரை விழுந்தது. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஏப்ரல் 14 ஊர்வலத்தில் தொண்டை கட்டும்வரை முழக்கம் போடுகிறவர்கள் நாங்கள். ஒரு மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடம் பேச வரவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் யாரோடும் பேசவில்லை.

நகரத்தில் ஒரு பேச்சு மன்றம் இருப்பதை எங்களுக்குச் சொன்னது செவிலியர் படிக்கும் தங்கைதான். ஞாயிறுதோறும் மாலையில் கூடுவார்கள். இந்த மாதிரி மன்றங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1924இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ்தான் அது. நாங்கள் சேர்ந்தது அதன் கிளை அல்ல. அதன் முறைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் தமிழில் நடத்தும் மன்றம். முன்கூட்டித் தயாரித்துப் பேச 7 நிமிடம். அங்கேயே சீட்டு எடுத்து, வந்த தலைப்பில் பேச 2 நிமிடம். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் நாம் எத்தனை முறை 'வந்து', 'அது வந்து' என்று இழுக்கிறோம் என எண்ணுவார். ஒருவர் மொழிப்பிழை குறிப்பார். கடைசியில் ஒருவர் எழுந்து நம் பேச்சை மதிப்பிடுவார்.

சந்தா ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்ட முடியவில்லை. மூன்று பேருக்குக் கட்டினோம். மற்ற இருவரும் பார்வையாளராகப் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

முதல் நாளே அறிமுகம். பெயர், ஊர், படிப்பு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஒருவர் சிரித்த முகத்தோடு, "அந்த ஊர்ல எந்தத் தெரு தம்பி?" என்றார். இந்தக் கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கிற உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "காலனி" என்று சொன்னோம். அதற்குப் பிறகு அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சீட்டில் வந்த தலைப்புகளைப் பாருங்கள்: மறக்க முடியாத சுற்றுலா, என் முதல் விமானப் பயணம், எங்கள் வீட்டு நாய்க்குட்டி. எங்கள் தோழருக்கு விமானப் பயணம் வந்தது. ஏறாத விமானத்தைப் பற்றி என்ன பேசுவது? ஒரு நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மொழிப்பிழை குறிக்கிறவர் எங்கள் பேச்சில் மட்டும் 11 பிழை கண்டுபிடித்தார். 'வந்துச்சு', 'அவுங்க', 'இருக்குது' எல்லாம் பிழையாம். எங்கள் அம்மாக்கள் பேசுகிற தமிழ் அது. அந்தத் தமிழில் அவர்கள் நடவுக் கூலிக்குச் சண்டை போட்டு ஜெயித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அன்றே விட்டுவிடலாம் என்று எங்களில் இரண்டு பேர் சொன்னார்கள். கட்டிய காசுக்காவது போவோம் என்று மற்றவர்கள் சொன்னோம். உண்மையில் காசு மட்டும் காரணமில்லை. அந்தப் புலப்பட நகல் இன்னும் பையிலேயே கிடந்தது.

ஆறாவது வாரம் தங்கைக்கு 7 நிமிடப் பேச்சு. சுடுகாட்டுப் பாதையைப் பேசப்போவதாகப் பெயர் கொடுத்தார். பொறுப்பாளர் தனியாக அழைத்து, "இங்க அரசியல் வேண்டாமேம்மா, வேற ஏதாவது பேசுங்க" என்றார். எல்லாரும் வருகிற இடம், யார் மனமும் நோகக்கூடாது என்பது அவர் கவலை.

அன்றிரவு எங்கள் படிப்பகத்தில் இதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே நின்றது. பேசப்படாத அந்த உரையை அவர் தன் செலவில் 1,500 பிரதி அச்சிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அவரோடு எங்களை ஒப்பிடவில்லை. ஆனால் 'அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள்' என்ற குரல் எவ்வளவு பழையது என்று அன்று எங்களுக்குப் புரிந்தது.

தங்கை தலைப்பை மட்டும் மாற்றினார். 'என் ஆயாவின் கடைசிப் பயணம்'. சுற்றுலா பேசலாம் என்றால் இதுவும் பயணம்தானே. ஐப்பசி மழையில், இடுப்பளவு தண்ணீர் நின்ற வயலில், பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். எங்கள் தமிழிலேயே சொன்னார். மணி அடித்தும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மதிப்பிட எழுந்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பாராட்டுவார் என்று நினைத்தோம். "உங்களுக்கு என்ன வேணும்னு ஏழாவது நிமிஷத்துலதான் சொன்னீங்க. கேக்கறவங்க அதுவரைக்கும் இருப்பாங்களா? அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் காரணம், அப்புறம் ஆதாரம். உங்க பேச்சுமொழியை மாத்தாதீங்க, வரிசையை மாத்துங்க" என்றார்.

எங்களுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், ஆட்சியர் அலுவலகத்தில் நடந்ததும் இதுதான். தாத்தா காலத்திலிருந்து ஆரம்பித்தோம். கேட்க வந்ததைக் கேட்கவேயில்லை.

பிறகு அதையே பயிற்சியாக்கினோம். 90 விநாடி. முதல் வரியில் கோரிக்கை, இரண்டாவது வரியில் புல எண். அதன்பின் சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இடுகாடு, சுடுகாடு, பொதுவழி ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியர் மீது நடவடிக்கை எடுக்க 4ஆம் பிரிவு இருக்கிறது. இதையெல்லாம் தாள் பார்க்காமல் சொல்லப் பழகினோம். ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து குறுக்கே கேள்வி கேட்பார். மற்றவர் நிற்காமல் பதில் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் தங்கைதான் எழுந்தார். "வண்டிப்பாதை புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, காலனிச் சுடுகாட்டுக்குப் பாதை போடணும்னு தீர்மானம் எழுதணும்" என்றுதான் தொடங்கினார். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். தங்கை நின்று, அவர் முடிக்கும்வரை காத்திருந்து, அதே வரியைத் திரும்பச் சொன்னார். காலனிப் பெண்கள் எழுந்து நின்றார்கள். ஊராட்சிச் செயலர் பதிவேட்டில் எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

பாதை இன்னும் வரவில்லை. நில அளவையர் ஒருமுறை வந்து கல் நட்டார். இரண்டு கல்லை யாரோ பிடுங்கிவிட்டார்கள். அதற்கு அடுத்த மனு தயாராகிறது. நன்றாகப் பேசினால் நீதி கிடைத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பேசத் தெரியாததால் நம் மனு கட்டோடு போகக்கூடாது என்றுதான் சொல்கிறோம்.

மன்றத்துக்கு இப்போதும் மூன்று பேர் போகிறோம். அந்தத் தலைமை ஆசிரியரிடம் கற்க இன்னும் நிறைய இருக்கிறது. கூடவே சனிக்கிழமை இரவில் படிப்பகத்தில் எங்கள் கூட்டமும் நடக்கிறது. சந்தா கிடையாது. நேரம் பார்க்க ஒரு பழைய கைபேசி. பெண்கள் முதலில் பேசுவார்கள். சீட்டில் வருகிற தலைப்புகள்: ரேஷன் கடை, கல்வி உதவித்தொகை, விடுதிச் சாப்பாடு, நூறு நாள் வேலைச் சம்பளம். 'வந்துச்சு' என்று சொன்னால் யாரும் எண்ண மாட்டார்கள். என்ன கேட்டாய் என்பது புரிந்ததா என்று மட்டும் சொல்வார்கள்.

உங்கள் ஊரில் மன்றம் இருந்தால் சேருங்கள். தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். எந்தத் தெரு என்று கேட்டால் தலை குனியாமல் சொல்லுங்கள். மன்றம் இல்லையென்றால் ஒரு படிப்பகமும் ஒரு கடிகாரமும் போதும்.

ஜெய்பீம்.