அடைக்கோழியும் செள்ளும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர், "ஐயா, இவ்வாண்டு சங்க இலக்கியமா, சீறாப்புராணமா?" என்று வினவினார். "கோழிப்பேன்" என்றோம். தாம் கேட்டது சரிதானா என்று ஐயுற்றவராய், அவர் குறிப்பேட்டில் ஏதும் எழுதாமல் நின்றார்.

பேனைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், வறிய பொருநனின் கந்தலாடையில் ஈரும் பேனும் குடியிருந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கரிகாலன் அளித்த நல்லாடைக்கு வருகிறார். குப்பைமேட்டுக் கோழிகளின் போரை உவமையாக்கிய குறுந்தொகைப் புலவர் ஒருவருக்குக் குப்பைக்கோழியார் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. ஆயினும் நாம் இங்கே இலக்கியம் பேச வரவில்லை. சென்ற பங்குனியில் நம் வீட்டுக் கொல்லையில் நேர்ந்த ஒன்றையும், முப்பதாண்டுகளுக்கு முன் நாமே செய்த பிழை ஒன்றையும் சொல்லவே இம்மலரின் பக்கங்களைக் கடன் வாங்குகிறோம்.

நம் வீட்டுச் செங்கோழி 9 முட்டைகளின்மேல் அடையிருந்தது. முன்னர் இருமுறை குஞ்சு பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் ஈடுகொடுத்துக் காத்த கோழி அது. 14-ஆம் நாள் காலையில் பார்த்தால், முட்டைகளை விட்டுவிட்டு முருங்கைமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. பிடித்துக் கொண்டுவந்து அமர்த்தினால் அரைநாழிகைகூட இருப்பதில்லை. "அடைக்கு ஆகாத கோழி சார், இதை வைத்துத் தீனி போடாதீர்கள்" என்றார் அண்டைவீட்டுக்காரர். நம் துணைவியாரும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை அறுப்பது என்று முடிவாயிற்று. குப்பை மேய்ந்த கோழியை மூன்று நாள் அடைத்துத் தூய தீனி கொடுத்த பின்னரே அறுப்பது நம் வீட்டு வழக்கம். ஆகவே செவ்வாய் இரவு அதைப் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்க்கக் கைவிளக்குடன் சென்றோம்.

கோழி உறங்கவில்லை. குறுக்குக்கட்டையில் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றது, இறகுகளை உதறியது, தன் தொடையைத் தானே கொத்திக்கொண்டது. கையை உள்ளே நீட்டிய சில நொடிகளில் மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. விளக்கைத் திருப்பினோம். குண்டூசித் தலையினும் சிறிய செம்புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியைக் கட்டையின் அடிப்புறத்தில் இழுத்துப் பார்த்தோம். துண்டில் சிவப்புக் கீற்றுகள் விழுந்தன. அது அக்கோழியின் குருதி. இரவெல்லாம் குருதி உறிஞ்சப்படும் இடத்தில் எந்தத் தாய்தான் அசையாமல் அமர்ந்திருக்கும்? அந்த மரக்கூண்டை நாம்தான் இரண்டாம் கையாக விலைபேசி, மலிவு என்று மகிழ்ந்து வாங்கி வந்திருந்தோம். உடன்வந்த குடிகளை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துப் பேச்சில் கோழியின்மேல் ஊர்வன யாவும் செள்ளுதான். ஆனால் இரு வேறு உயிர்கள் அப்பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாதவன் எந்த மருந்தைக் கொண்டும் பயன்பெற மாட்டான். ஒன்று பேன். ஆறு கால், வைக்கோல் நிறம். இறகையும் தோல் செதிளையும் கடித்துத் தின்னும். பிறப்பும் இறப்பும் கோழியின்மேலேயே. கோழியை விட்டு விழுந்தால் ஒரு வாரம் தாங்குவதே அரிது. ஆசனவாயைச் சுற்றியும் இறக்கையின் அடியிலும் இறகைப் பிரித்துப் பகலிலேயே பார்த்துவிடலாம். இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக, வெள்ளைச் சர்க்கரை ஒட்டியதுபோல் இருக்கும். மற்றொன்று சிற்றுண்ணி. வளர்ந்ததற்கு எட்டுக் கால். இதில் செவ்வுண்ணி எனத்தக்க வகை பகலில் கோழியின்மேல் இராது. கூண்டின் விரிசலிலும் கட்டையின் மூட்டுவாயிலும் சாம்பல் நிறத்தில் உறங்கும். இருட்டியபின் வந்து குருதி குடித்துச் சிவந்து, விடியுமுன் திரும்பிவிடும். கோடை வெப்பத்தில் ஏழெட்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது கிளம்பும். கோழியே இல்லாத வெற்றுக் கூண்டிலும் பல மாதங்கள் உயிரை வைத்துக்கொண்டிருக்க வல்லது. பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்று நாம் இரண்டு முறை சொல்லியிருந்தோம். பேனுக்குக் கோழியே வீடு. செவ்வுண்ணிக்குக் கோழி உணவுச்சாலை மட்டுமே. வீட்டை விட்டுவிட்டு உணவுச்சாலையில் தேடியது நம் அறிவு.

இந்த இடத்தில்தான் நன்னியின் நினைவு வந்தது.

நம் தந்தையாரின் தாயாரை நன்னி என்போம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, புகையிலை விளையும் கரிசல் ஓரத்துச் சிற்றூர். நன்னியின் கோழிகள் நன்னிக்கு மட்டுமே உரியவை. அவற்றின் வரவில் நன்னாவோ அத்தாவோ கைவைத்ததில்லை. முட்டை விற்ற காசை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் போட்டு வைப்பார். எதற்கு என்று கேட்டால், "என் கஃபன் துணிக்கு அத்தா, யார் தலையிலும் விழக்கூடாதுல்ல" என்பார். சிறுவரான நமக்கு அச்சொல்லின் பொருள் அப்போது முழுமையாகத் தெரியாது. அது ஏதோ பெருநாள் துணி என்றே எண்ணியிருந்தோம்.

1993-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. ஏழாம் வகுப்புத் தேறியிருந்தோம். அறிவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண். நன்னி உறவினர் வீட்டு நிக்காஹ்வுக்குச் சென்றிருந்த நாளில், 11 குஞ்சுகளோடு திரிந்த தாய்க்கோழியின்மேல் பேன் மொய்த்திருப்பதைக் கண்டோம். வந்ததும் நன்னி வியக்க வேண்டும் என்று ஆசை. கடலைக்குத் தூவ அத்தா வைத்திருந்த பி.எச்.சி. 10 சதவீதத் தூள் மாட்டுக்கொட்டகையில் இருந்தது. ஊரில் பலர் கோழிக்கும் நாய்க்கும், ஏன், பிள்ளைகளின் தலைக்குமே அதைத் தேய்த்துக்கொண்டிருந்த காலம். கோழிக்கும் குஞ்சுகளுக்கும் கூட்டுக்கும் கைநிறைய அள்ளித் தூவினோம். மாலையில் பேன்கள் உதிர்ந்து கிடந்தன. வெற்றி! இரவில் குஞ்சுகள் நடுங்கத் தொடங்கின. கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. விடியும்போது 7 குஞ்சுகள் இறந்துவிட்டன.

நன்னி வந்து பார்த்தார். நம்மை அடிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே: "அத்தா, மத்தக் கோழியும் இதே கூட்டுலதானே அடைஞ்சுச்சு?" ஆம் என்றோம். அன்றைய முட்டைகள் ஏற்கெனவே விற்றுப்போயிருந்தன. அவற்றுள் இரண்டு, பிள்ளை பெற்றிருந்த ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தன. குளித்து உடைமாற்றக்கூட நில்லாமல் நன்னி முக்காட்டை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாக ஏறி, "அந்த முட்டையைச் சாப்பிடாதீங்க" என்று சொல்லிக் காசைத் திருப்பிக் கொடுத்தார். முட்டைக்குள் மருந்து எப்படிப் போகும் என்று சிலர் சிரித்தனர். "குஞ்சைக் கொன்னது முட்டைக்குள்ள போகாதுன்னு யாரு சொன்னா?" என்றார். எழுத்தறியாத அவர் கேட்டது சரியான கேள்வி. பி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்குவது. மஞ்சட்கரு வழியாகத்தான் வெளியேறுவது. அறுப்பதற்கு முன் அடைத்துவைக்கும் மூன்று நாளில் அது தீர்வதன்று. 1997-இல் இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது. நன்னி அதற்கு நான்காண்டு முன்னரே, அவ்வாண்டு முழுதும் அக்கோழிகளின் முட்டையை விற்கவில்லை. குழியில் போட்டு மூடினார். புட்டியில் காசு விழவில்லை. 2001-இல் அவர் மவுத்தானபோது புட்டியைக் கவிழ்த்து எண்ணினார்கள். துணிக்குப் போதவில்லை. மிச்சத்தை அத்தா போட்டார்.

2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் முட்டைகளை இலட்சக்கணக்கில் அழித்தார்கள் என்ற செய்தியைப் படித்தபோது நாம் நாளிதழைக் கீழே வைத்துவிட்டோம். உணவுக்கு வளர்க்கும் உயிர்களிடத்தில் பயன்படுத்தலாகாத ஃபிப்ரோனில் என்னும் நஞ்சு, செவ்வுண்ணிக்கான கூண்டு மருந்தில் கலந்து முட்டைக்குள் இறங்கியிருந்தது. அங்கே படித்தவர்கள், பெரும் பண்ணைகள், ஆய்வகங்கள் எல்லாம் இருந்தன. நன்னியின் கேள்வியைக் காலத்தே கேட்க ஒருவர் இல்லாமற்போனார்.

ஆகவே இம்முறை தூள் தேடி ஓடவில்லை. முதல் வேலையாகக் கோழிகள் அனைத்தையும் பஞ்சாரத்துக்கு மாற்றித் திண்ணையோரம் அடைத்தோம். கூண்டைக் கழற்றினோம். பழைய வைக்கோலையும் தூசியையும் சுரண்டி எடுத்து ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். தீப்பந்தத்தால் விரிசல்களைச் சுட்டுவிடலாம் என்றார் அண்டைவீட்டுக்காரர். பயனுள்ள முறைதான். ஆனால் நன்னி எறும்புப் புற்றுக்குக்கூடத் தீவைக்க விடமாட்டார். உயிரைத் தீயால் தண்டிப்பது தீயைப் படைத்தவனுக்கே உரியது என்பது நபிமொழி. அதைச் சொல்லிவிட்டு, சோப்புக் கரைத்த கொதிநீரை மூட்டுவாய் தோறும் ஊற்றினோம். "கொதிநீர் மட்டும் குளிர்ச்சியாக இருக்குமோ?" என்று துணைவியார் கேட்டார். அதற்கு நம்மிடம் விடையில்லை.

வெயிலில் காய்ந்த கட்டைகளின் விரிசல்களைச் சுண்ணாம்புக் குழம்பால் அடைத்து, வேப்பெண்ணெய் பூசினோம். இதை ஒருமுறை செய்துவிட்டுக் கைகழுவுவோர்தாம் மிகப் பலர். முட்டை நிலையில் இருப்பன தப்பிவிடும். ஒரு வாரத்தில் அவை பொரித்துப் புதிய படை வந்துவிடும். எனவே ஏழாம் நாள் மறுபடியும், பதினான்காம் நாள் மறுபடியும் அதே பாடு. பேனுக்கும் இக்கணக்கே, எந்தப் பொடியும் ஈரைக் கொல்லாது, ஈர் பொரிந்தபின்தான் அதனைப் பிடிக்க முடியும். ஆதலால் வாரம் ஒன்று, பத்து நாள் இடைவெளியில் திரும்பப் பார்க்காத மருத்துவம் மருத்துவமன்று.

கோழிகள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் மருத்துவம் புழுதிக் குளியல். நாம் தளம் போட்டு அழகுபடுத்திய கொல்லையில் அதற்கு இடமே விட்டுவைக்கவில்லை. இரண்டு முழ அகலத்தில் தளத்தை உடைத்து, காய்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் சிறிது கந்தகத் தூளும் கலந்து நிரப்பினோம். அன்று மாலையே ஐந்து கோழிகள் வரிசைமுறை பாராமல் அதில் விழுந்து புரண்டன. நோயுற்ற கோழி புரளாது, அலகால் இறகு கோதாது. அதன்மேல்தான் பேன் பெருகும். அலகு நுனி வெட்டப்பட்ட பண்ணைக் கோழிகளில் பேன் மிகுவதும் இதனாலேயே. பேனைக் கண்டதும் நோய்க்குக் காரணம் அதுவே என்று துணிவது, சில வேளை பின்விளைவை முன்காரணமாகக் கொள்வதாகும்.

காலில் செதிள் தடித்து நிற்பது வேறொரு சிற்றுண்ணியின் வேலை. செதிளின் உள்ளேயே குடைந்து வாழ்வது. மண்ணெண்ணெயில் காலை முக்குவார் உண்டு. அது தோலைப் பொசுக்கும். வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்து, செதிளைப் பிய்க்காமல் வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ சில வாரம் தடவிவந்தால் போதும். மருந்து தெளித்தே ஆகவேண்டிய நிலை வந்தால், கால்நடை மருத்துவரிடம் மருந்தின் பெயரோடு, எத்தனை நாள் அம்முட்டையை உண்ணலாகாது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பலர் முன்னதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னதைக் கேளாமலே வந்துவிடுகின்றனர்.

நன்னி ஒவ்வோர் அடைக்கும் மண்சட்டியின் மணலைக் கொட்டிவிட்டுப் புதுமணலோடு காய்ந்த வேப்பிலை சேர்த்து இடுவார்; ஆண்டுதோறும் கூட்டின் மண்சுவரை விரிசல் தெரியாமல் சாணமிட்டு மெழுகுவார். அதை நாம் பழைமை என்றும் பிடிவாதம் என்றும் நினைத்திருந்தோம். எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு நாட்டுப்புற வழக்குகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த நாளில், நம் கொல்லையில் இருந்த இவ்வழக்கைக் குறித்துக்கொள்ள நமக்குத் தோன்றவில்லை. மெழுகிய சுவரில் உண்ணி ஒளிய இடமேது?

வெள்ளிக்கிழமை அறுப்பதாக இருந்த செங்கோழி, வைகாசியில் மறுபடி முட்டையிட்டு, மறுபடி அடைக்கு அமர்ந்தது. மண்சட்டி, புதுமணல், 9 முட்டைகள். மாணவருக்கு இக்கட்டுரையைத் தருவதாகச் சொன்ன இன்று 16-ஆம் நாள். இஷாத் தொழுகைக்குப் பின் கைவிளக்கும் வெள்ளைத் துண்டுமாகச் சென்று, சட்டியின் அடியிலும் கட்டையின் ஓரத்திலும் துண்டை இழுத்துப் பார்த்தோம். துண்டு வெள்ளையாகவே இருந்தது. முட்டை சூடாக உள்ளதா என்று தொட்டறியக் கையை நீட்டினோம். செங்கோழி நன்றாகக் கொத்திவிட்டது.