புஜபலமும் புரதப்பொடியும்

புதுவைக் கடற்கரைச் சாலையில் வைகறைதோறும் ஓடிவரும் யாம், புஜங்கள் திரளவேண்டும் என்னும் அவாவினால், விடுதிச் சாப்பாட்டுக்கென அன்னை அனுப்பிய பணத்தில் புரதப்பொடி டப்பா ஒன்று வாங்கினோம். பாலாடைக்கட்டி செய்கையில் பிரியும் தெளிநீரை உலர்த்திய பொடியே அது! டப்பா தீர்ந்தது, புஜம் திரண்டபாடில்லை.

பிறகே நூல்களைப் புரட்டினோம். புரதம் தசைக்கு வேண்டுவதே. ஆயினும் பளு தூக்கி வருந்தாதார்க்கு அது தசையைப் பெருக்காது. வருந்துவோர்க்கும், உடலெடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேற்பட்டால் மிகுபயன் இல்லையென்பது 2018-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. அவ்வளவும் முட்டை, மீன், பருப்பு, தயிரிலேயே கிட்டும். 2024-இல் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இத்தகைய பொடிகளைத் தவிர்க்குமாறே கூறியது. பயிற்சியோடு கிரியேட்டின் சிறிது வலிமை கூட்டுமென்பதை மறைக்கமாட்டோம்.

காலி டப்பாவில் இப்பொழுது அன்னை வறுத்தனுப்பிய நிலக்கடலை உள்ளது. பணத்தைப் பற்றி அவர் இன்னும் வினவவில்லை.