ஒரே மாத்திரை, இரு உடன்பிறப்புகள்

குன்னம் பக்கத்துக் கரிசல் மண் மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டால் விடாது. ஆகவே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வயலுக்குப் போவோர் இங்கு மிகுதி. அவ்வாறு நடந்து பழகிய பருத்தி விவசாயி ஒருவர், ஈரச் சாக்கின்மேல் பாதங்களை வைத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கக் கண்டேன். காசநோய்க்கு மருந்துண்ணத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு வாரமாக நிறுத்திவிட்டார்.

"உள்ளங்கால் ரெண்டும் நெருப்பா எரியுதுங்க சாமி. மாத்திரை முழுங்கினதுலேர்ந்துதான்" என்றார் அவர் மனைவி.

நான் கடிந்துகொண்டேன். அதே நோய்க்கு அதே மாத்திரையை உண்ணும் அவருடைய தம்பி டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறாரே, உங்களுக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டேன். இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமற்போகும் என்று எச்சரித்தேன். எச்சரிக்கை சரியானதே. ஆனால் அவரைச் சோம்பேறி என்று என் மனம் முன்னரே தீர்ப்பிட்டுவிட்டிருந்தது.

அந்த எரிச்சலுக்கான விளக்கம் நம் தமிழகத்திலேயே அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆராயப்பட்டது என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. நோயாளிகளை இல்லத்தில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அம்மையமே. ஐசோனியாசிட் என்னும் மருந்தைத் தென்னிந்தியர் உடல் எவ்வாறு கையாள்கிறது என்பதையும் அது ஆராய்ந்தது.

கல்லீரலில் உள்ள ஒரு நொதி இம்மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுகிறது. அந்நொதிக்கான மரபணு எட்டாம் குரோமோசோமில் உள்ளது. அதன் வகைக்கேற்ப, சிலர் குருதியில் மருந்தின் அளவு சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகிவிடும். சிலருக்கோ சுமார் மூன்று மணி நேரம் ஆகும். தென்னிந்திய நோயாளிகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவானவர்கள். சப்பானியரிடையே அத்தகையோர் பத்தில் ஒருவர் அளவே.

மெதுவானவர்களின் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகிறது. வைட்டமின் பி6 சத்தை அது குலைத்து வெளியேற்றுவதால் நரம்புகள் நலிந்து பாதங்கள் எரிகின்றன. அச்சத்தைச் சிறிய அளவில் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தாலே இத்தீங்கைத் தடுக்கலாம் என்று சென்னை ஆய்வாளர் காட்டினர். விரைவானவர்களுக்கும் ஓர் இழப்புண்டு: வாரம் ஒருமுறை மட்டும் ஸ்ட்ரெப்டோமைசினோடு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது அவர்களிடமே பலன் குறைந்தது. எனவே இதில் எவ்வகையும் குறையுடல் அன்று.

விரைவுத் தன்மையுள்ள தாய்தந்தையர்க்கும் மெதுவான பிள்ளை பிறக்கலாம். இரு பக்கத்திலிருந்தும் மெதுவான வகையே வந்து சேர்ந்தால் போதும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியரை ஒப்பிட்டுப் பேசியது என் அறியாமை. ஏற்பவரின் இயல்புக்கேற்பவே எதுவும் ஏற்கப்படுகிறது என்னும் கருத்தைத் தூய தோமையாரின் மெய்யியலில் குருமடத்தில் பயின்று, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான்! திண்ணையில் அது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அவரை அரசு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். சர்க்கரை நோய் உண்டா என்று முதலில் பார்த்தார்கள்; இல்லை. மரபணுவை எவரும் சோதிக்கவில்லை. செவிலியர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "கூடக் கொடுத்த சின்ன மாத்திரையைச் சாப்பிடுறீங்களா?"

அவர் தலைகுனிந்தார். அது சத்து மாத்திரை என்று சொல்லப்பட்டிருந்ததாம். மெலிந்திருந்த பேரனுக்கு அதை நாள்தோறும் கொடுத்துவந்திருக்கிறார்.

மருத்துவர் அம்மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, காசநோய் மருந்தை மீண்டும் தொடங்கச் செய்தார். எரிச்சல் உடனே போகவில்லை. தணியச் சில வாரங்கள் ஆயின. வண்டியில் திரும்புகையில் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல், "பேரனுக்கு இனி என்னங்க சாமி கொடுக்கிறது?" என்றார். அடுத்த வாரம் சிறுவனை மருத்துவரிடம் அழைத்துப்போவது என் பொறுப்பாயிற்று.