வடசென்னைத் திடல்களில் ஒரு சனிக்கிழமை

இராயபுரத்திற்கு அப்பெயர் வந்த வரலாற்றை நம் குடும்பங்களில் பெரியோர் பலர் அறிவர். துறைமுகம் அமையாத அந்நாளில், ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளை ஓட்டி, ஆட்களையும் சரக்கையும் அலைகளுக்குத் தப்புவித்துக் கொண்டுவந்து சேர்த்த படகோட்டிகள் புனித இராயப்பருக்கு எழுப்பிய கோவிலே அப்பெயருக்குக் காரணம் என்பர். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் மீனவரான இராயப்பரைப் பாதுகாவலராகத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. அக்கோவிலுக்குச் சற்றுத் தொலைவில் இராயபுரம் ரயில் நிலையம் உள்ளது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இன்று அந்நிலையத்தின் தூண்களை நின்று பார்ப்பவர் மிகச் சிலரே.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, அந்நிலையத்தின் வாயிலில்தான் நாம் ஒருவருக்காகக் காத்திருந்தோம். அவர் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நாற்பதை நெருங்குபவர், இடக்காலைச் சற்றே இழுத்து நடப்பவர். "சாமி, நம்ம பொண்ணு வியாசர்பாடியில பந்து ஆடுது. ஒரு தரம் வந்து பாருங்க" என்று மூன்று முறை அழைத்திருந்தார். இரு முறை ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தோம். அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம்.

"சாயந்தரம்தான் ஆட்டம், சாமி. அதுவரைக்கும் அப்படியே எண்ணூர் வரைக்கும் போயிட்டு வருவோமா?" என்றார். அவருடைய இருசக்கர வண்டியின் பின்னே, அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அமர்ந்தோம். காசிமேட்டு மீன்பிடித் துறையைக் கடந்தோம். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முடிவில்லாத சுவர்போல நின்றன. அவற்றின் இடுக்குகளில் எமது வாகனம் புகுந்த விதத்தை எழுத வேண்டாம். அவ்வேளையில் நாம் செபமாலையின் எத்தனை மணிகளை உருட்டினோம் என்பதும் நினைவில்லை.

இவ்வழி நெடுகிலும் சண்டையும் ஆட்டமும் ஊறிய மண். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைப் பெயர் சூட்டிக்கொண்டு குத்துச்சண்டை பயின்றவர்கள் வாழ்ந்த தெருக்கள் இவை. 1940களில் நாட் டெர்ரி என்னும் பெயர்பெற்ற வீரரை எதிர்த்து நின்ற கித்தேரி முத்துவைப் பற்றி முதியவர்கள் இன்றும் பேசுவர். கித்தேரியம்மாளின் பெயரைத் தாங்கிய ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு மேடையேறினார் என்பது நமக்கு என்றுமே ஒரு குறும்பான மகிழ்ச்சி. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது, இப்பகுதியிலிருந்து சென்ற கூட்டம் கொஞ்சமன்று. பின்பு 2021இல் ஒரு திரைப்படம் வந்தபிறகே தென்சென்னைக்காரர்களுக்கு இச்செய்திகள் தெரியவந்தன.

கேரம் பலகையை மட்டும் என்ன சொல்வது! அர்ஜுனா விருதை 1996இல் பெற்ற மரிய இருதயத்தின் பெயர் இங்குச் சிறுவர்க்கும் தெரியும். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சு நாட்டில் உலகப் பட்டம் வென்றார். 2024இல் அமெரிக்கா சென்ற காசிமா மூன்று தங்கப் பதக்கங்களோடு திரும்பினார். இளவழகியின் தந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டியவர்; காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுநர்.

திருவொற்றியூரில் தேநீர் அருந்தினோம். மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. விம்கோ நகர் என்று நிலையத்துக்குப் பெயர். பெயர் தந்தது ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை. நம் நண்பர் அங்கிருந்து கை நீட்டி, "அந்தக் காலத்துல கம்பெனிக்குக் கம்பெனி டீமு இருக்கும் சாமி. நல்லா ஆடுனா வேலை. எங்கப்பா அப்படித்தான் உள்ளே போனாரு" என்றார். அவர் சொன்னது மெய். துறைமுகம், சுங்கத்துறை, ரயில்வே, 1955இல் தொடங்கிய பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலை ஆகிய யாவும் கால்பந்து அணிகளை வைத்திருந்தன. கைத்தொழில் தெரியாத ஓர் இளைஞனுக்கும் நல்ல கால்கள் இருந்தால், மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வாழ்வு கிட்டியது. அவ்வாய்ப்பை எண்ணியே தாய்மார் பலர் பிள்ளைகளை மாலையில் திடலுக்கு அனுப்பினர். பின்னர் நிலைமை மாறிற்று. பெரம்பூரின் பெருமையாயிருந்த பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. நிலைத்திருக்கும் ஆலைகளிலும் ஒப்பந்த வேலையே மிகுதி. ஒப்பந்தத் தொழிலாளியைக் கொண்டு யார் அணி அமைப்பர்?

எண்ணூர்க் கழிமுகத்தில் நெடுநேரம் நில்லாது திரும்பினோம். 2023ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த கரை அது. வலைகளும் படகுகளும் கறுத்துப்போன அந்நாட்களை அங்குள்ளோர் இன்னும் மறக்கவில்லை.

வியாசர்பாடியை அடைந்தபோது மணி நான்கு. அதன் முல்லை நகர்த் திடலைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். 'சின்ன பிரேசில்' என்று பட்டம் சூட்டி எழுதுவார்கள். 1990களின் பிற்பகுதியில் தங்கராஜ், உமாபதி என்னும் இருவர், சேரிச் சிறுவர்க்கான விளையாட்டு, கல்வி மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை இங்குத் தொடங்கினர். பந்தாட வரும் பிள்ளைக்கு மாலைப் பாடமும் உண்டு. சாராயமும் கஞ்சாவும் அடிதடியும் சூழ்ந்த ஒரு பகுதியில், மாலை நான்கு முதல் ஏழு வரை ஒரு பிள்ளை எங்கிருக்கிறான் என்பது தெரிந்தாலே பாதிக் கவலை தீரும் என்பது பெற்றோர்க்கு விளங்கும். இங்கிருந்து சென்ற தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் இந்திய சூப்பர் லீக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இடம்பெற்றிருந்தார். தண்டையார்பேட்டைக் கருணாலயத்தின் சிறுமியர், அதே ஆண்டில் மாஸ்கோ நகரில் நடந்த தெருவோரச் சிறார் உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினர். தெருவில் படுத்துறங்கிய பிள்ளைகள் கடவுச்சீட்டுப் பெறுவதற்கே என்ன பாடுபட்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கவும்.

திடலில் நூறு பிள்ளைகளுக்குக் குறையாது இருந்தனர். காலணி அணிந்தவர் பாதி, அணியாதவர் பாதி. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு வீரர் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரான்சை எதிர்த்தாடி 2-1 என்று தோற்ற செய்தியை நாம் சொன்னபோது, ஒரு பயல், "அப்ப ஷூ போட்டிருந்தா ஜெயிச்சிருப்பாங்களா சாமி?" என்றான். விடை சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, தஞ்சையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் 1960இல் ரோம் நகரில் பெரு நாட்டுக்கு எதிராக அடித்த கோலைப் பற்றிக் கூறினோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுவே. "நம்மாளா?" என்று பிள்ளைகள் கேட்டதில் இருந்த பெருமையைக் கேட்டவர்தாம் அறிவர்.

அங்கே அமர்ந்திருக்கையில், குருமட நூலகத்தில் அந்நாளில் படித்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் திருச்சிலுவை சபையின் சோரின் அடிகளார் 1842இல் நிறுவிய நோட்டர் டேம் கல்லூரி, நெடுங்காலம் பெயர் தெரியாத ஒரு சிறு கல்லூரியே. அமெரிக்கர் ஆடும் கால்பந்து நம்முடையதன்று. பந்து முட்டை வடிவானது, அணிக்குப் பதினொருவர், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். காலால் உதைப்பதோ குறைவு, கையில் அணைத்து ஓடுவதும் எதிரியை மோதி வீழ்த்துவதுமே மிகுதி. நம் சடுகுடுவுக்குத்தான் அது உறவுமுறை. கால்பந்து என்று ஏன் பெயர் வைத்தார்களோ! 1920இல் பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அத்தகையோர் வழியே கூடைப்பந்தும் கைப்பந்தும் நம்மிடையே பரவின. இவ்வாட்டம் மட்டும் பரவவில்லை. நம் எலும்புகள் தப்பித்தன.

அந்நோட்டர் டேம் அணி 1887இல் தன் முதல் ஆட்டத்தில் தோற்றது. 1913 நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, நாடறிந்த வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை அதன் சொந்தத் திடலிலேயே 35-13 என்று வீழ்த்தியது. வலிமையில் மிக்கோரை மோதி வெல்ல இயலாதென்று கண்டு, பந்தை முன்னோக்கி நெடுந்தூரம் எறிந்து பிடிக்கும் உத்தியைக் கோடை முழுவதும் பயின்றிருந்தனர் டோரைஸ், ராக்னி என்னும் இரு மாணவர்கள். ராக்னி நார்வேயிலிருந்து ஐந்து வயதில் வந்தவர்; அஞ்சல் நிலையத்தில் உழைத்துப் பணம் சேர்த்து, இருபத்திரண்டு வயதில் கல்லூரி சேர்ந்தவர். 1918 முதல் 1930 வரை அவரே அணியின் பயிற்சியாளர். 1931இல் விமான விபத்தில் மாண்டார். கத்தோலிக்கர் என்றால் ஏளனமாகப் பார்த்த அந்நாட்டில், வேலை தேடி வந்த அயர்லாந்துக்காரரும் போலந்துக்காரரும் இத்தாலியரும் அவ்வணியைத் தம்முடையதென்று கொண்டாடினர். பலர் அக்கல்லூரி வாயிலைக்கூடக் கண்டவரல்லர். 'வடசென்னையா?' என்று புருவம் உயர்த்துவோர் நம்மிடையே இன்றும் உள்ளபடியால், அவ்வரலாறு நமக்குத் தொலைவானதாகத் தோன்றவில்லை.

இனி, சொல்லாது விட்டதைச் சொல்வோம். கால் நூற்றாண்டுக்கு முன் துறைமுகத்தை அடுத்த ஒரு பங்கில் நாம் உதவிப் பங்குக் குருவாயிருந்தோம். கோவிலின் பக்கத்து வெற்றிடத்தில் நாள்தோறும் சிறுவர் பந்தாடுவர். பலகணிக் கண்ணாடிகள் இரண்டு உடைந்தன. மறைக்கல்விக்கு ஆள் வருவதில்லை என்ற எரிச்சலும் நமக்கிருந்தது. ஒரு நாள் மாலை, நாமே பூட்டு வாங்கி வந்து வெளிக்கதவைப் பூட்டினோம். பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப ரோட்டுல ஆடவா சாமி?" என்று கேட்டான். அவன் எதிர்த்துப் பேசுகிறான் என்றே எடுத்துக்கொண்டோம். அவர்கள் சாலையில்தான் ஆடினர். இரு வாரங்கள் கழித்து ஒரு லாரி அப்பையனின் இடக்காலில் ஏறிற்று. மருத்துவமனையில் சென்று பார்த்தோம். அவன் தாய் நமக்கு நாற்காலி போட்டுக் காப்பி வாங்கிவரச் சொன்னார். பூட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பின் நமக்கு இடமாற்றம் வந்தது.

அன்று மாலை அவருடைய மகள் வலப்பக்கத்தில் ஆடினாள். பன்னிரண்டு வயது, தந்தையின் முகம். ஆட்டத்தினிடையே ஒரு பந்தைத் துரத்திக் கோட்டருகே நம் காலடிவரை வந்து, "ஒத்துங்க சாமி!" என்று கத்திவிட்டு ஓடினாள். தந்தை சிரித்தார். நாம் அவர் பக்கம் திரும்பி, "அந்தப் பூட்டு…" என்று தொடங்கினோம். அவர் ஆட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல், "தெரியும் சாமி. இதோ பாருங்க, இப்ப இடது கால்ல அடிப்பா" என்றார். அவள் இடக்காலால்தான் அடித்தாள். பந்து கம்பத்திற்கு வெளியே போயிற்று.

அவள் அணி தோற்றது. மணி ஏழுக்குப் பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு பாடத்திற்குச் சென்றனர்.

நாம் இப்போதிருக்கும் பங்கிலும் கோவிலுக்குப் பின்னே ஒரு வெற்றிடம் உண்டு. ஆண்டுத் திருவிழாவில் பந்தல் போடுவதைத் தவிர வேறெதற்கும் அது திறக்கப்படுவதில்லை. மறுநாள் பூசைக்குப்பின் கோவில்பிள்ளையிடம் அதன் சாவியைக் கேட்டோம். பூட்டு துருவேறியிருந்தது, தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் இருமுறை தட்டியபின் திறந்தது. பங்குப் பேரவையில் சிலருக்கு இதில் விருப்பமில்லை. பலகணிகளுக்குக் கம்பிவலை அடிக்க ஆகும் செலவை யார் தருவது என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமானதே, இன்னும் முடிவாகவில்லை. இதுவரை ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது.