எங்கள் தெருவின் கார்

அப்பா வந்துவிட்டார் என்பதை சைக்கிள் மணிக்கு முன்பே வாசனை சொல்லிவிடும். கட்டிங் ஆயில், இரும்புத்தூள், வியர்வை எல்லாம் கலந்த அந்த வாசனை, முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. ராத்திரி சாப்பாட்டில் ரசத்தையும் தாண்டிக்கொண்டு வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் அவர் டர்னர். சட்டையை உதறினால் லேத்தில் சீவிய இரும்புச் சுருள் ஒன்றிரண்டு விழும். நீலமும் பொன்னுமாக மினுக்கும் அதைப் பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பேன். என் கண்ணுக்குத் தப்பியது எதுவோ மறுநாள் அம்மாவின் காலில் ஏறும், அப்புறம் எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே அர்ச்சனை.

அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டை. எனக்கு விவரம் தெரிந்தபோது அதைச் சுற்றிய தெருக்களில் ஆட்களுக்கே கம்பெனிப் பெயர்தான். எதிர்வீட்டில் லூகாஸ் மாமா. அவருக்குப் பக்கத்தில் வீல்ஸ் இந்தியா அண்ணன். கோடி வீட்டில் பிரேக்ஸ் இந்தியா சித்தப்பா. யாருக்குச் சித்தப்பா என்று யாரும் கேட்டதில்லை. மூன்று கம்பெனியும் அறுபதுகளின் தொடக்கத்தில் பாடியில் வந்தவை. டன்லப் அண்ணாச்சி மட்டும் தெற்கத்திக்காரர். அவர் தெருவில் போனால் ரப்பர் வாசனை பின்னாலேயே போகும், எங்கள் அப்பாவுக்கு ஒரு போட்டியாள் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். காலையில் சங்கு ஊதினால் எல்லாச் சைக்கிளும் ஒரே திசையில் திரும்பும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வரும்போது டைனமோ விளக்கும், காலி டிபன் கேரியரின் லொடலொடப்பும் ஜன்னலைக் கடந்து போவதைப் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆக, கார் என்பதை நாங்கள் முதலில் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். சுவாமி படத்துக்கு முன்னால் விபூதி வைக்க ஒரு புஷ், கணக்கு நோட்டு பறக்காமலிருக்க ஒரு போல்ட், கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு பிளேட். எல்லாம் அளவு கொஞ்சம் பிசகி ரிஜெக்ட் ஆன சரக்கு. பேரிங் குண்டு கோலிக்கு ஆகும், ஆனால் கண்ணாடிக் கோலியைப் பிளந்துவிடும் என்பதால் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். ஆயுதபூஜைக்குப் பட்டறைக்குக் கூட்டிப்போவார்கள். அன்றைக்கு லேத்து குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பேசாமல் நிற்கும். நாங்கள் வயிறு முட்டப் பொரியும் கடலையும் தின்றுவிட்டு, வெளியே உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வருவோம்.

இத்தனை பேர் இருந்த தெருவில் முழுசாகக் கார் வைத்திருந்தவர் மாடிவீட்டுத் தாத்தா ஒருவர்தான். ஆவடி டாங்கு ஃபாக்டரியில், விஜயந்தா டாங்கி செய்த அதே இடத்தில், வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கார், ஆகாய நீலத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கத்து ஃபாக்டரியில் செய்த உள்ளூர் வண்டி, பல கை மாறி அவரிடம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவேற்காடு கருமாரியம்மனுக்குக் கிளம்புவார். பேட்டரி வண்டியைவிடக் கிழம். டாங்கி ஓட்டிப் பார்த்த மனிதர் ஸ்டியரிங்கில் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அரைக்கால் டவுசர் போட்ட நாங்கள் பின்னாலிருந்து தள்ளுவோம். “தம் கட்டுங்கடா!” என்பார். வேகம் பிடித்ததும் இரண்டாவது கியரில் கிளட்ச்சை விடுவார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி, எங்கள் முகத்தில் புகையை விட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் புகையின் பெட்ரோல் வாசனைக்காகவே நாங்கள் தள்ளினோம் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழமோ தேங்காய்ச்சில்லோ கிடைக்கும்.

மெக்கானிக் பாய் வருகிற நாள்தான் எங்களுக்குத் திருவிழா. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போல மூடி மட்டும் திறப்பதில்லை; மட்கார்டு, லைட்டு எல்லாவற்றோடும் முகம் முழுக்க முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இன்ஜினும் முன்சக்கரமும் வெட்டவெளியில் நிற்கும். பாய் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். “தம்பி, அந்த அரை இஞ்ச் ஸ்பேனர எட்து குடு” என்று என்னைக் கேட்ட அன்று நான் ராத்திரி வரை கை கழுவவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகங்கள். இது மாமா செய்வது, இது சித்தப்பா செய்வது, அந்தச் சின்ன புஷ் அப்பா கொண்டுவந்ததைப் போலவே இருக்கிறது.

அன்றைக்குத்தான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் திட்டம் போட்டேன். சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா அண்ணன், டயருக்கு அண்ணாச்சி, செல்ஃப் மோட்டாருக்கு மாமா, பிரேக்குக்குச் சித்தப்பா. மேல் தகரத்துக்கு டிங்கரிங் பட்டறை. இன்ஜினுக்கு எண்ணூர் அசோக் லேலண்டில் இருந்த பெரியப்பா. லாரி இன்ஜின் காருக்குள் அடங்குமா என்பது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தால் பொங்கலுக்குள் தெருவுக்கு ஒரு கார்.

அப்பா நோட்டை வாங்கி, டிராயிங் பார்ப்பதுபோல் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. “பெரியப்பா கம்பெனி ஒண்ணும் தப்பில்ல. 1948-ல ஆரம்பிச்சப்போ அவங்க ஆஸ்டின் கார்தான் பூட்டிக்கிட்டிருந்தாங்க,” என்றார். அப்புறம், “சீட்டு யாரு தைப்பா?”

“அம்மா.”

அம்மா அடுப்படியிலிருந்தே, “தைக்கிறேன், தைக்கிறேன். பெட்ரோல் யாரு ஊத்துவான்னு உங்க புள்ளைய முதல்ல கேளுங்க,” என்றாள்.

அதற்கும் ஆள் இருந்தது. மணலி ரிஃபைனரியில் வேலை பார்த்த ஒன்றுவிட்ட மாமாவின் பெயரைக் கடைசி வரியில் எழுதி, பக்கத்தில் ‘டெய்லி அஞ்சு லிட்டர்’ என்று போட்டுக்கொண்டேன்.